மிரர் போனால் பை லேசாகுமா? டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்: கேள்வி பதில்

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி (மிரர்) இருக்கும், மிரர்லெஸ்ஸில் அது இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பற்றிய கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டில் போட்டோ பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எதையும் வாங்கும் முன் இப்போது தூக்கும் பாடி, லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேலம்: அண்ணா, என்னிடம் கேனான் 200டி டிஎஸ்எல்ஆரும் 18-55 எஸ்டிஎம் லென்ஸும் இருக்கின்றன. எடையைக் குறைக்க மிரர்லெஸ் ஆர்50 பாடி மட்டும் வாங்கி, அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஓட்டலாமா?

ஓடும். ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசர் இரண்டும் சரியாக வேலை செய்யும். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் வளையமும் மின் தொடர்பும்தான். அதனால் படத்தின் தரமோ வெளிச்சமோ குறையாது.

ஆனால் எடை குறையுமா என்பதுதானே உங்கள் கேள்வி? கூட்டிப் பாருங்கள். 200டி பேட்டரி, கார்டோடு 453 கிராம், 18-55 எஃப்4-5.6 லென்ஸ் 215 கிராம். மொத்தம் 668. ஆர்50 375 கிராம், அடாப்டர் 110, அதே லென்ஸ் 215. மொத்தம் 700! காசு கொடுத்து 32 கிராம் ஏற்றிக்கொள்கிறீர்கள். நீளமும் குறையாது. கேனான் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் மவுண்டில் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ. இடைவெளி, மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. மிரரை எடுத்ததில் மிச்சமான அந்த 24 மி.மீட்டரை அடாப்டர் அப்படியே திரும்ப நிரப்பிவிடுகிறது.

ஆர்எஃப்-எஸ் 18-45 கிட் லென்ஸோடு சேர்த்து வாங்கினால் 375 + 130 = 505 கிராம். அப்போதுதான் 163 கிராம் குறைகிறது. அடாப்டரை எப்போதாவது மாட்டும் லென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் மாட்டும் லென்ஸுக்கு வேண்டாம்.

திண்டுக்கல், கல்யாண போட்டோகிராபர்: நிகான் டி750. லென்ஸ்கள் 24-120 எஃப்4 விஆர், 50 எஃப்1.8டி, 80-200 எஃப்2.8டி. மிரர்லெஸ் இசட்6 டூ வாங்கி, பழைய லென்ஸ்களை மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் எல்லாம் ஓடுமா சார்?

எல்லாம் ஓடாது. லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, எஃப்டிஇசட்டில் ஆட்டோஃபோகஸ் வரும். உங்கள் 24-120 அந்த வகை. ஏஎஃப்-டி லென்ஸில் மோட்டார் கிடையாது. டி750 பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் மவுண்டில் தெரியும் சின்ன திருகு முனை வழியாக லென்ஸைச் சுழற்றுகிறது. எஃப்டிஇசட்டில் அந்தத் திருகு முனையே இல்லை. அதனால் 50டியும் 80-200டியும் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸாகிவிடும். அப்பர்ச்சரை பாடியிலிருந்து மாற்றலாம், மீட்டரிங் வரும். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் 80-200ஐ எஃப்2.8இல் கையால் ஃபோகஸ் செய்து வேலைக்கு ஆகாது. முதல் நாளே 50க்கும் 80-200க்கும் மாற்று லென்ஸ் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் டி750ஐ விற்காதீர்கள்.

எடைக்கணக்கு: டி750 840 + 24-120 710 = 1550 கிராம். இசட்6 டூ 705 + எஃப்டிஇசட் டூ 125 + அதே லென்ஸ் 710 = 1540 கிராம். வித்தியாசம் 10 கிராம். இசட் மவுண்டின் 24-120 எஃப்4 எஸ் லென்ஸோடு போனால் 705 + 630 = 1335.

இன்னும் இரண்டு விஷயம். டி750இல் இரண்டும் எஸ்டி கார்டு. இசட்6 டூவில் ஒன்று எஸ்டி, இன்னொன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி அல்லது எக்ஸ்கியூடி. அந்த கார்டையும் ரீடரையும் புதிதாக வாங்க வேண்டிவரும். இரண்டும் எஸ்டியாகவே வேண்டும் என்றால் இசட்5ஐப் பாருங்கள், 675 கிராம். அடுத்தது பேட்டரி. டி750இன் பழைய இஎன்-இஎல்15 இசட்6 டூவில் ஓடும், ஆனால் பாடியில் யுஎஸ்பி கேபிள் மாட்டி சார்ஜ் ஏற்ற முடியாது. அதற்கு 15பி அல்லது 15சி வேண்டும்.

சென்னை: டிஎஸ்எல்ஆர் விட்டு மாறலாம்னு இருக்கேன். பெஸ்ட் மிரர்லெஸ் எது?

என்ன எடுக்கிறீர்கள், என்ன லென்ஸ் இருக்கிறது, பை எத்தனை கிராம்? மூன்றையும் எழுதுங்கள், பதில் தருகிறேன்.

திருநெல்வேலி, கூந்தன்குளத்தில் பறவை எடுப்பவர்: டி500, 200-500 எஃப்5.6. தோள் தாங்கவில்லை. மிரர்லெஸ் போனால் பாதியாகக் குறையுமா ஐயா?

உங்கள் பாடி 860 கிராம், லென்ஸ் 2300 கிராம். தோளை இழுப்பது லென்ஸ். மிரர் இருந்த இடம் பாடிக்குள், லென்ஸுக்குள் இல்லை.

டெலி லென்ஸின் பருமனை முடிவு செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. ஃபோகல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் வரும். 500 ÷ 5.6 = 89 மி.மீ. எந்த மவுண்டாக இருந்தாலும் முன் கண்ணாடி அதைவிடச் சிறிதாக முடியாது. நிகான் இசட் 180-600 எஃப்5.6-6.3: 600 ÷ 6.3 = 95. காலர் (டிரைபாடில் மாட்டும் வளையம்) இல்லாமலே 1955 கிராம். மிரர்லெஸ் லென்ஸ்தான், ஆனாலும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ.

எடை கணிசமாகக் குறைய வேண்டுமானால் மூன்று வழி. ஒன்று, வட்டத்தைச் சிறிதாக்குவது. கேனான் ஆர்எஃப் 600 எஃப்11: 600 ÷ 11 = 55 மி.மீ., 930 கிராம்தான். ஆர்எஃப் 100-400 எஃப்5.6-8: 50 மி.மீ., 635 கிராம். விலையாக வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணி இருட்டில் எஃப்11 வைத்துப் பறக்கும் பறவையை எடுக்க ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஜூமை விடுவது: இசட் 400 எஃப்4.5 காலர் இல்லாமல் 1160 கிராம். மூன்றாவது வழிக்கு நீங்கள் மாறவே வேண்டாம். நிகான் 500 எஃப்5.6 பிஎஃப், 1460 கிராம், 2018இல் டிஎஸ்எல்ஆர் மவுண்டில் வந்த லென்ஸ். உங்கள் டி500இலேயே மாட்டும். 840 கிராம் குறையும். செகண்ட் ஹாண்டில் கிடைத்தால் இதையே முதலில் பாருங்கள்.

கோவை: இதை ஒத்துக்கொள்ள முடியாது சார். கேனான் இஎஃப் 70-200 எஃப்2.8 மூன்றாம் பதிப்பு 1480 கிராம். ஆர்எஃப் 70-200 எஃப்2.8 1070 கிராம். அதே எஃப்2.8, அதே 200. 410 கிராம் மிரர் போனதால்தானே போனது?

நல்ல கேள்வி. எண்கள் சரி, காரணம் வேறு. 200 ÷ 2.8 = 71 மி.மீ. வட்டம் இரண்டிலும் ஒன்றே, இரண்டுக்கும் ஃபில்டர் 77 மி.மீ. ஆர்எஃப் லென்ஸ் 146 மி.மீ. நீளத்துக்கு மடங்கக் காரணம், ஜூம் செய்யும்போது குழாய் வெளியே நீள்கிறது. இஎஃப் லென்ஸ் 199 மி.மீ., ஜூம் உள்ளேயே நடக்கும். நீளும் குழாயின் விலை: அந்த ஆர்எஃப் லென்ஸில் எக்ஸ்டெண்டர் (ஃபோகல் நீளத்தைக் கூட்ட நடுவே மாட்டும் கண்ணாடி) மாட்ட முடியாது.

கோவை மறுபடி: அப்படியென்றால் 2024இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்2.8 இசட்? ஜூம் உள்ளே, எக்ஸ்டெண்டர் மாட்டும், எடை 1100 சொச்சம்தான்.

திருச்சி: நானும் கோவை நண்பர் பக்கம். சோனி 70-200 எஃப்2.8 ஜிஎம் டூ 1045 கிராம்.

திருச்சி நண்பரே, நீங்கள் சொன்ன லென்ஸே என் பக்கம் சாட்சி சொல்கிறது. சோனியின் முதல் 70-200 ஜிஎம் 2016இல் வந்தது, 1480 கிராம். 2021இல் வந்த ஜிஎம் டூ 1045. இரண்டுமே மிரர்லெஸ் மவுண்ட், ஒரே மவுண்ட். போவதற்கு அங்கே மிரரே இல்லை, ஆனாலும் 435 கிராம் போயிருக்கிறது. லென்ஸ் வடிவமைப்பும், ஃபோகஸ் மோட்டாரும், குழாய்க்குப் பயன்படுத்தும் பொருளும் முன்னேறின. கேனான் இசட் லென்ஸும் அந்த வகைதான். புது லென்ஸ் லேசு என்பதை நான் மறுக்கவே இல்லை. மிரர் போனதால் லேசு என்பதைத்தான் மறுக்கிறேன். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? பாடியை மட்டும் மாற்றிவிட்டு எடை குறையும் என்று காத்திருப்பவருக்கு எதுவும் குறையாது.

எதிர்த்திசை உதாரணமும் இருக்கிறது. கேனான் இஎஃப் 24-70 எஃப்2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம். ஆர்எஃப் 24-70 எஃப்2.8 900 கிராம். ஸ்டெபிலைசர் சேர்ந்தது, எடையும் சேர்ந்தது.

மிரர் போனது உண்மையிலேயே உதவும் இடம் வைடு லென்ஸ். அங்கே 14 மி.மீ. லென்ஸை மிரருக்கு வழிவிட்டுத் தள்ளி உட்கார வைக்க, முன்னால் பெரிய கண்ணாடிகளை அடுக்க வேண்டியிருந்தது. நிகானின் பழைய 14-24 எஃப்2.8 கிட்டத்தட்ட ஒரு கிலோ. இசட் மவுண்டின் 14-24 எஃப்2.8 650 கிராம். இந்த இடத்தில் கோவை நண்பர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இயற்கைக் காட்சி, கோவில் உட்புறம் எடுப்பவர்கள் தயங்காமல் மாறலாம்.

ஈரோடு: கிராப் சென்சாரில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) எஃப்2.8 என்பது எஃப்4தானே? அப்போ கணக்கெல்லாம் மாறுமே?

எக்ஸ்போஷருக்கு எஃப்2.8 எப்போதும் எஃப்2.8. பின்னணி மங்குவது மட்டும், ஒரே ஃபிரேமிங்கில், ஃபுல் ஃப்ரேமின் எஃப்4 போலத் தெரியும். இதற்கு மேல் இந்த விவாதத்தை இங்கே வளர்க்க வேண்டாம். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

மதுரை, ஸ்டுடியோ: கேனான் ஆர்6 டூ புதிதாக வாங்கினேன். ஸ்டுடியோ ஃப்ளாஷ் போட்டால் வியூஃபைண்டர் ஒரே இருட்டு. கேமரா பழுதா?

பழுதில்லை. ஐஎஸ்ஓ 100, எஃப்8, 1/160 வைத்திருப்பீர்கள். ஃப்ளாஷ் வரப்போவது கேமராவுக்குத் தெரியாது. அறை வெளிச்சத்துக்கு அந்த செட்டிங்கில் படம் எப்படி வருமோ, அதை வியூஃபைண்டர் காட்டுகிறது. மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். நிகான் இசட்6 டூவில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ', சோனியில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்'. ஃப்ளாஷ் வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். மறந்தால் வெளியில் எடுக்கும்போது வியூஃபைண்டர் பளிச்சென்று காட்டும், படம் இருட்டாக வரும்.

அப்படியே ஷட்டர் மெக்கானிக்கலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான பாடிகள் ஃப்ளாஷை அடிக்க விடாது.

தஞ்சாவூர்: மண்டபத்தில் சைலண்ட் மோடில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது.

எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். சில வரிகள் பிரகாசத்திலும் சில வரிகள் மங்கலிலும் படிக்கப்படுவதால் பட்டை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 வையுங்கள். 1/125 கூட வேண்டாம். மேடை எல்இடி சுவர்களின் துடிப்பு வேறு வேகத்தில் இருக்கும். அதற்குச் சில பாடிகளில் ஹை ஃப்ரீக்வென்சி ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறது, ஆர்6 டூவிலும் உண்டு. ஒரு முறை எடுத்து, பெரிதாக்கிப் பார்த்த பிறகு நிகழ்ச்சியைத் தொடங்குங்கள்.

விழுப்புரம்: ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேட்டரி வேண்டும்?

நான்கு. சிபா (கேமரா உற்பத்தியாளர் சங்கம்) சோதனை அளவில் டி750க்கு 1230 படம், இசட்6 டூவுக்கு வியூஃபைண்டரில் 340. மிரர்லெஸ்ஸில் கேமரா எத்தனை நிமிடம் விழித்திருக்கிறது என்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. ஆட்டோ ஆஃபை 30 நொடியில் வையுங்கள். எடைக்கணக்கில் பேட்டரிகளையும் சேருங்கள்.

கடலூர்: டி3400இன் 18-55 ஏஎஃப்-பி லென்ஸ் எஃப்டிஇசட்டில் ஓடுமா?
கரூர்: 85 எஃப்1.8டி ஓடுமா?
ஓசூர்: 35 எஃப்1.8ஜி ஏஎஃப்-எஸ்?

மூன்றுக்கும் திண்டுக்கல் பதிலில் விடை இருக்கிறது. லென்ஸ் மேல் எழுத்தைப் படியுங்கள். ஓடும், ஆட்டோஃபோகஸ் வராது, ஓடும்.

நாகர்கோவில்: மிரர் இல்லாததால் சென்சாரில் தூசி அதிகம் விழுமா? பூஞ்சை?

லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராகத் திறந்து கிடக்கும். அணைத்துவிட்டு, பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். கேனான் ஆர்5, ஆர்6 போன்றவற்றில் அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி வைக்கலாம். ஆனால் அந்த இதழ் காகிதம் போல மெல்லியது, விரல் படக்கூடாது. வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டினால் அது தூசியைவிடக் கெட்டது. கை பம்ப் போதும். கேன் காற்றும் வேண்டாம், குளிர்ந்த திரவம் தெறிக்கும்.

பூஞ்சைக்கு மிரர் காரணமில்லை, ஈரப்பதம்தான். டிரை கேபினெட்டில் 40 முதல் 50 சதவீதம். வசதி இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், சின்ன ஈரப்பதமானி.

புதுச்சேரி: பழைய 85 எஃப்1.8 டி7500இல் எப்போதும் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் ஆகிறது. மிரர்லெஸ்ஸில் சரியாகுமா?

ஏஎஃப்-எஸ் வகையாக இருந்தால் சரியாகும். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் சென்சார் தனி இடத்தில் இருப்பதால் வரும் பிசகு அது. மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது.

வேலூர்: வீடியோவுக்கு எது நல்லது?

வீடியோ எடுப்பவரிடம் கேளுங்கள்.

திருப்பூர்: பெஸ்ட் மிரர்லெஸ்?

சென்னைக்குச் சொன்னதே.

சேலம் மறுபடி: அண்ணா, நீங்கள் சொன்னபடி தராசில் வைத்தேன். 200டியும் 18-55உம் 668, 55-250 எஸ்டிஎம் 375, 50 எஃப்1.8 160, 430இஎக்ஸ் ஃப்ளாஷ் பேட்டரியோடு 400. வெறும் பை 1350.

மொத்தம் 2953 கிராம், அதில் ஏறக்குறைய பாதி பை. 500 கிராம் பைக்கு மாறினால் 850 கிராம் இன்றைக்கே குறையும். ஆர்50 கிட் தரும் 163ஐப் போல ஐந்து மடங்கு.

அதற்குப் பிறகும் மாற விருப்பமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்50இன் ஹாட் ஷூவில் (பாடியின் மேல் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) பழைய ஃப்ளாஷுக்கான தொடர்புப் புள்ளிகள் இல்லை. உங்கள் 430இஎக்ஸ் நேரடியாக வேலை செய்யாது, ஏடி-இ1 என்ற அடாப்டர் வேண்டும். ஆர்10இல் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன, 429 கிராம். ஃப்ளாஷை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மாட்டி அடித்துப் பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.