ஒரு ஃபோல்டரை அழித்தால் வேறு ப்ராஜெக்ட் ஏன் கெடுகிறது?

கேள்வி: திருமண வீடியோக்களை அடோபி பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்கிறேன். வேலை முடிந்த ஒரு திருமணத்தின் ஃபோல்டரை அழித்ததும், வேறொரு திருமணத்தின் ப்ராஜெக்டில் இசையும் லோகோவும் 'மீடியா ஆஃப்லைன்' என்று காட்டுகின்றன. இதைத் தவிர்ப்பது எப்படி?

பதில்: ப்ராஜெக்ட் கோப்புக்குள் படமோ இசையோ இருப்பதில்லை, அவை வட்டில் எங்கே இருக்கின்றன என்ற முகவரியும், நீங்கள் செய்த வெட்டுகளின் குறிப்பும்தான் இருக்கின்றன. முதல் திருமணத்தின் ஃபோல்டரிலிருந்த இசையையே இரண்டாவதிலும் சேர்த்திருப்பீர்கள். ஆகவே, பலவற்றுக்கும் பொதுவான இசை, லோகோ போன்றவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, எல்லா ப்ராஜெக்டுகளுக்கும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை கேமரா தரும் பெயர்கள். எண் வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாறு அமைந்த கேமராவில், ஒவ்வொரு மெமரி கார்டிலும் 'சி0001' என்றே கோப்புகள் தொடங்கும். அவற்றைப் பெயரை மட்டும் பார்த்து மறுபடி இணைத்தால், முகூர்த்தம் வர வேண்டிய இடத்தில் வரவேற்பு வந்து நிற்கும். எனவே கார்டை உள் ஃபோல்டர்களைக் கலைக்காமல் முழுவதுமாக நகலெடுத்து, தேதி, கேமரா, கார்டு எண் ஆகியவற்றைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வையுங்கள். (அவசரத்தில் 'புதியது', 'கடைசி' என்றெல்லாம் பெயரிடுவது எடிட்டர்களின் தீராத பழக்கம்.)

அழிப்பதற்கு முன், ஃபைல் மெனுவிலுள்ள 'ப்ராஜெக்ட் மேனேஜர்' வழியாக, பயன்படுத்திய கோப்புகளை வேறு வட்டில் திரட்டி வையுங்கள். வேகமாக இயங்குவதற்காக மென்பொருள் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளான கேஷ் கோப்புகளைத் தயங்காமல் நீக்கலாம். தேவைப்பட்டால் மென்பொருளே அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.