கீமோ குமட்டலுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி நடக்கிறது. மருந்து ஏற்றிய பிறகு நான்கைந்து நாட்கள் குமட்டல் நிற்பதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. கஞ்சா எண்ணெய் கொடுத்தால் பசியெடுக்கும், நோயும் குறையும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். கொடுக்கலாமா?

பதில்: நோய் குறையும் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் சில விளைவுகள் தெரிந்ததுண்டு. ஆனால் மனிதர்களுக்கு வந்த புற்றுநோயைக் கஞ்சா குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அதை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போட்டால் இழப்பு உங்கள் அம்மாவுக்குத்தான்.

குமட்டலைப் பொறுத்தவரை உறவினர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியை அடக்குகிறது. அதன் அடிப்படையில் செய்யப்பட்ட டிரோனபினால், நாபிலோன் ஆகிய மாத்திரைகளுக்கு அமெரிக்கா 1985இல் அனுமதி அளித்தது; அதுவும் மற்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் கைகொடுக்காத நோயாளிகளுக்கு மட்டுமே. ஒண்டான்செட்ரான், அப்ரெபிடன்ட் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் புழக்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான் என்பதால், இன்று கஞ்சா வகை மருந்துகள் வரிசையில் இன்னும் பின்னுக்குப் போய்விட்டன. மறுநாளுக்குப் பிறகும் நீடிக்கும் குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் மட்டும் பல நேரங்களில் போதாது. கீமோ என்றால் இப்படித்தான் என்று சகித்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்த நாளில், எத்தனை முறை வாந்தி வந்தது என்று எழுதிவைத்துப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினால், அடுத்த சுற்றுக்கு முன்பே மருந்தை மாற்றியமைக்க முடியும்.

பசிக்கு நம் அருகிலேயே நல்ல ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோயாளிகள் 124 பேரைச் சேர்த்து, கீமோவுடன் மனநல சிகிச்சையில் பயன்படும் ஓலன்சபின் என்ற மருந்தைத் தினமும் 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2023இல் வெளியாயின. அம்மருந்தை எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு உடல் எடை 5 சதவீதத்துக்கும் மேல் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கே அப்படிக் கூடியது. விலை மலிவான இந்த மாத்திரை குமட்டலையும் குறைக்கும். தூக்கம் வரக்கூடும், சர்க்கரை ஏறக்கூடும் என்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். உங்கள் அம்மாவின் நிலையில் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

கஞ்சா எண்ணெயில் எனக்குள்ள தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. இந்த வயதில் தலைச்சுற்றல், மனக்குழப்பம், தடுக்கி விழுதல் ஆகியவை சாதாரண விஷயங்கள் அல்ல. எண்ணெயிலுள்ள சிபிடி என்ற இன்னொரு வேதிப்பொருள் கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடிவிடலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியும் தரப்படுவதுண்டு. அச்சிகிச்சையின்போது கஞ்சா எடுத்தவர்களிடம் பலன் குறைவாக இருந்ததாக இஸ்ரேலிய ஆய்வுகள் காட்டின. அவை முடிவான சான்று அல்ல என்றாலும், அந்த ஆபத்தை நான் ஏற்க மாட்டேன். புகைப்பது அறவே கூடாது. கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கஞ்சாவிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும்.

சட்டமும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாப் பூவையோ பிசினையோ வைத்திருப்பது குற்றம். இலை அந்த வரையறைக்குள் வராததால், இலைச்சாறு ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்கப்படுகிறது. ஏற்கெனவே எதையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல், அடுத்த முறை அந்தப் பாட்டிலையே கையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.