மாரியின் கதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஃபைவ்எம் (ஜிடிஏ வீடியோ கேமைத் தனியார் சர்வர்களில் ஆட உதவும் மென்பொருள்) சர்வர் ஒன்றில் ஜிடிஏ ரோல்ப்ளே ஆடுகிறேன்; ஆளுக்கொரு கேரக்டராக நடித்துச் சேர்ந்து ஆடுவோம். என் கேரக்டர் மாரி, கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் மெக்கானிக். கடனில் மாட்டி, கேங்கில் சேர்ந்து, போலீஸுக்குத் துப்புக் கொடுத்து, கடைசியில் கேங் தலைவன் கையாலேயே சாகிற மாதிரி 14 பக்கம் எழுதி டிஸ்கார்ட் சாட்டில் நண்பர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் படிக்கவே இல்லை. தலைவனாக ஆடுபவர் "என் ஆள் எதுக்கு அவனைக் கொல்லணும்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். முன்கூட்டிப் பேசிவைப்பதே மெட்டாகேமிங் என்கிறார் இன்னொருவர். சேர்ந்து திட்டமிடுவது தப்பா? எப்படித்தான் செய்வது?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

தப்பில்லை. சிட்டிக்கு, அதாவது ஆட்டத்தின் உலகத்துக்கு, வெளியே தெரிந்துகொண்டதை சிட்டிக்குள் கேரக்டர் பயன்படுத்தினால்தான் அது மெட்டாகேமிங். மாரி துப்புக் கொடுக்கிறான் என்பது தலைவனாக ஆடுபவருக்குத் தெரிந்திருக்கலாம். தலைவனுக்குத் தெரியக் கூடாது. அவன் காதுக்கு அது சிட்டிக்குள்ளேயே ஏதாவது ஒரு வழியில் போய்ச் சேர வேண்டும். அந்த வழியைத் திறந்து வைக்க நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் 14 பக்கத்தின் சிக்கல் வேறு. தலைவன் என்ன நினைப்பான், எப்போது சுடுவான் என்பதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். கேரக்டரின் செய்கையைச் சொல்ல சாட்டில் ஸ்லாஷ் மீ (/me) போடும்போது 'சட்டையைப் பிடிக்கப் பார்க்கிறான்' என்றுதானே எழுதுகிறீர்கள்? 'பிடித்துக் கீழே தள்ளிவிட்டான்' என்று எழுதினால் எதிராளிக்கு வாய்ப்பே தராத பவர்கேமிங் என்று ரிப்போர்ட் போகும். கதைக்கும் இதே விதிதான். மாரி எதற்கு முயல்வான் என்பதுவரை உங்கள் கையில். அது பலித்ததா என்பதை எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். "என் ஆள் எதுக்குக் கொல்லணும்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. விடை தேடும் வேலையையும் அவருக்கே விட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். மேலே நான்கு வரி: மாரிக்கு என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறான், எதை மறைக்கிறான், யார் பிடியில் இருக்கிறான். அதன் கீழே மூன்று கேள்விகள். 'மாரி கேங்கில் சேர்கிறான்' என்று எழுதாமல், 'தவணை தப்பினால் மாரி யாரிடம் போவான்?' என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஆசையாக ஆடக்கூடிய விடை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கேங் தலைவன் கடனை அடைக்கலாம். ஒர்க்‌ஷாப் முதலாளி அடைத்துவிட்டு மாரியைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரே விடைதான் வேண்டும் என்றால் சுற்றிவளைக்காமல் சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேளுங்கள். ஒரு கதையில் அப்படி ஒன்று போதும்.

கடன் தொகையை ஏனோதானோவென்று போடாதீர்கள். உங்கள் சர்வரில் மெக்கானிக் வேலையில் வாரத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்து, தவணையை அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். குறைத்து வைத்தால் ஒரு ராத்திரி உட்கார்ந்து வண்டி பார்த்தே அடைத்துவிடுவீர்கள். பத்து மடங்கு வைத்தால் மாரிக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருக்காது. கொஞ்சமாகத் துண்டு விழும்போதுதான் அவன் வாராவாரம் யாரிடமாவது கைநீட்டுவான். ஒவ்வொரு முறையும் ஒரு சீன் கிடைக்கும், அதில் இன்னொருவருக்கும் பங்கு கிடைக்கும்.

முக்கியமானவர்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரோடும் தனித்தனியாக அரைமணி நேரம் வாய்ஸில் பேசுங்கள். அவர் கேரக்டருக்கு இதில் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள், உங்கள் கதையைப் பிறகு சொல்லலாம். எதை ஆடவே கூடாது, எதை 'நடந்தது' என்று சொல்லிவிட்டுக் காட்டாமல் தாண்டலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்ப்ளே ஆடும் டேபிள்டாப் ஆட்டக்காரர்கள் இதை லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ் என்பார்கள். கடத்தலும் சித்திரவதையும் வரக்கூடிய கேங் கதையில் இதைத் தவிர்க்கவே முடியாது.

பலர் தடுக்கி விழுவது சர்வர் விதிகளில். உங்கள் சர்வரில் நியூ லைஃப் ரூல் (செத்து மீண்டால் புது வாழ்க்கை என்ற விதி) இருந்தால், பிளேயர் கில் ஆனவனுக்கு, அதாவது செத்தும் கேரக்டராகத் தொடர்பவனுக்கு, அந்தச் சம்பவமும் அதற்குக் காரணமானதும் மறந்துபோகும். துரோகம் அம்பலமாகும் சீனிலேயே துப்பாக்கிச் சண்டை வந்து மாரி விழுந்தால், அம்பலமானதே அவனுக்கு நினைவிருக்காது. மூன்று மாத உழைப்பு போயிற்று. அதனால் அந்த சீனை ஆயுதம் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள்: ஆஸ்பத்திரி வராந்தா, கோர்ட், ஆள் நடமாட்டமுள்ள கடை. ஆம்புலன்ஸ் ஆட்களான ஈஎம்எஸ் தூக்கிவிட்டால் நினைவு நிற்குமா, ரீஸ்பான் ஆனால் (மீண்டும் புதிதாகத் தோன்றினால்) மட்டும் போகுமா என்பது சர்வருக்கு சர்வர் மாறும். அட்மினிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேரக்டரே நிரந்தரமாகச் சாகும் கேரக்டர் கில்லுக்கு (சிகே) பெரும்பாலும் அட்மின் அனுமதி தேவை. மரணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள், நிபந்தனை போடுங்கள். மாரி துப்புக் கொடுத்தது சிட்டிக்குள் நிரூபணமாகி, தலைவன் ஒருமுறை எச்சரித்தும் அவன் ஊரைவிட்டு ஓடாமல் இருந்தால் சிகேவுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுங்கள். அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது தலைவனாக ஆடுபவரின் முடிவு.

நண்பர்கள் வெளிநாட்டில் இருந்தால் நேரத்தையும் பாருங்கள். இங்கே இரவு 10 மணி என்றால் துபாயில் 8.30, சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 12.30. சிங்கப்பூர் நண்பருக்கு முக்கிய சீனை வார நாளில் வைத்தால் அவர் பாதியில் தூங்கப் போய்விடுவார். யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் கதை எந்தப் பக்கம் நகரும் என்பதையும் ஆளுக்கொரு வரி எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு சீனும் முடிந்ததும் டிஸ்கார்டில் மூன்று வரி பதியுங்கள்: என்ன நடந்தது, எந்தக் கேரக்டருக்கு எது தெரியும், எது பாக்கி. இரண்டாவது வரியை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். மெட்டாகேமிங் சண்டை வந்தால் அதைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

தலைவனாக ஆடுபவரிடம் இந்த வாரமே பேசுங்கள். "மாரி ஏமாத்துனது தெரிஞ்சா உன் ஆள் என்ன பண்ணுவான்?" என்று மட்டும் கேளுங்கள். "கொல்லமாட்டான், கூடவே வச்சு அவனை வச்சே போலீஸுக்குப் பொய்த் துப்பு கொடுப்பான்" என்று அவர் சொன்னால், மரணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதை ஆடுங்கள்.

அன்புடன்