காட்டுக்கு முன்னால் பத்து ஆரியாக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொசார்ட்டின் ‘லா ஃபின்டா ஜார்டினியேரா’ ஆப்பராவை (இசை நாடகத்தை) கேட்கத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டாம் அங்கத்தின் நடுவில் விட்டுவிடுகிறேன். பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கின்றன. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. பதினெட்டு வயதுப் பையன் எழுதியது என்று கொஞ்சம் சலுகை கொடுத்துக் கேட்க வேண்டுமா? இன்னொன்று: சில பதிவுகள் இத்தாலிய மொழியில், சில ஜெர்மன் மொழியில். ஜெர்மன் பதிவில் நடுநடுவே பாடாமல் பேசுகிறார்கள். எது அசல்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் மட்டுமல்ல, பலரும் அங்கேதான் எழுந்து போகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆப்பராவில் 28 உருப்படிகள். 12-ஆவது, முதல் அங்கத்தை முடித்துவைக்கும் கூட்டுப்பாடல். அடுத்த கூட்டுப்பாடல் 23-இல்தான் வருகிறது. நடுவில் இருக்கும் பத்தும் ஆரியாக்கள், அதாவது தனி ஆள் பாடுபவை. ஒருவர் வருகிறார், பாடுகிறார், போகிறார், அடுத்தவர் வருகிறார். பாட்டுக்குப் பாட்டு கதையை நகர்த்துவது ஹார்ப்ஸிகார்ட் துணையோடு வேகமாக ஓதப்படும் ரெசிடடிவ். மொழி தெரியாதவர் காதில் அது நிற்காது; பாட்டுகள் மட்டும் மாலையில் கோக்காத பூக்களாகக் கிடக்கும். பாட்டும் வசனமும் அடங்கிய லிப்ரெட்டோவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதைக் கேட்காதீர்கள்.

இந்த வரிசை மொசார்ட் வகுத்ததல்ல. இதே லிப்ரெட்டோவுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் அன்ஃபோசி 1774-இல் ரோமில் இசையமைத்திருந்தார். ஏழு பாத்திரங்கள், ஏழு பாடகர்கள், ஆளுக்குச் சில ஆரியாக்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மியூனிக் திருவிழாக் காலத்துக்காக அழைக்கப்பட்ட இளைஞனால் அதில் கை வைத்திருக்க முடியாது. 1786-இல் மொசார்ட் ‘ஃபிகாரோ’ ஆப்பராவை எழுதும்போது ஏறக்குறைய பாதி உருப்படிகள் கூட்டுப்பாடல்கள்; அங்கே பாட்டே கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

சலுகை வேண்டாம். 1775 ஜனவரி 13 அன்று இது மேடையேறியபோது அவருக்குப் பத்தொன்பது நிரம்ப இரண்டு வாரம் பாக்கி. அதற்குள் மிலான் மேடைக்கு ‘மித்ரிதாதே’, ‘லூச்சோ சில்லா’ என்று கனமான ஆப்பராக்களை எழுதி முடித்திருந்தார். சிக்கலே அந்தத் தேர்ச்சியில்தான். நகைச்சுவை நாடகத்துக்குத் தேவையானதைவிட அதிகமான இசையை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுகிறார். 13-ஆவதில் ஆர்மிண்டா என்ற பெண் ஜி மைனர் சுருதியில் கொதிக்கும்போது, எதிரே நிற்பவன் ஒரு கோமாளிப் பிரபு என்பதே மறந்துபோகிறது.

கதை பிடிபட ஒரு வழி சொல்கிறேன். ஏழு பேரையும் மூன்று கூறாகப் பிரியுங்கள். ஆர்மிண்டாவும் ராமிரோவும் தீவிர ஆப்பராவிலிருந்து வந்தவர்கள்; சிரிக்க மாட்டார்கள். வேலைக்காரி செர்பெட்டா, நார்டோ, ஊர் அதிகாரி பொதெஸ்தா மூவரும் கோமாளிக் கூட்டம். சாண்ட்ரினாவும் பெல்ஃபியோரேயும் நடுவில் இரண்டு பக்கமும் சாய்பவர்கள். பொறாமையில் கத்தியால் குத்திவிட்டு, செத்தாள் என்று நினைத்து ஓடியவன் பெல்ஃபியோரே. பிழைத்து, தோட்டக்காரி வேடத்தில் பொதெஸ்தா வீட்டில் இருப்பவள் சாண்ட்ரினா. நிஜத்தில் சீமாட்டி வியோலாந்தே. நார்டோ அவளுடைய வேலைக்காரன். பெல்ஃபியோரேவுக்கு இப்போது பொதெஸ்தாவின் உடன்பிறந்தவர் மகள் ஆர்மிண்டாவோடு கல்யாணம் பேசியிருக்கிறது. அவள் கைவிட்ட காதலன் ராமிரோ. பொதெஸ்தா சாண்ட்ரினாமேல் ஆசைப்படுகிறார், செர்பெட்டா பொதெஸ்தாமேல், நார்டோ செர்பெட்டாமேல். இவ்வளவுதான்.

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டாம். முதல் நாள் ஓவர்ச்சர் என்ற தொடக்க வாத்திய இசையிலிருந்து 3-ஆவது உருப்படி வரை போதும். முதல் உருப்படியில் ஐந்து பேர் ‘என்ன மகிழ்ச்சியான நாள்’ என்று சேர்ந்து பாடுவார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே ஒதுங்கித் தன் வயிற்றெரிச்சலைச் சொல்வார்கள். உடனே அதே மகிழ்ச்சிப் பாட்டு திரும்ப வரும். முதலில் கேட்ட அதே மெட்டு இப்போது பச்சைப் பொய்யாகக் கேட்கும். 3-ஆவது பொதெஸ்தாவுடையது. தன் நெஞ்சுக்குள் வாத்தியங்கள் ஒலிப்பதாகச் சொல்கிறார். குழலும் ஓபோவும் என்று பெயர் சொன்னதும் அவை வாசிக்கின்றன. மனம் இருண்டதும் வயோலாக்கள். கடைசியில் டிம்பனி, டிரம்பெட், பஸூன், டபுள் பாஸ் என்று ஒரே அமளி. பாடகரின் சொல்லுக்கு வாத்தியம் ஒரு கணம் பிந்தினாலும் நகைச்சுவை செத்துவிடும். ஒரு பதிவு தேறுமா என்று பார்க்க நான் முதலில் வைப்பது இதைத்தான்.

மறுநாள் நேராக 21-க்குப் போங்கள். நீங்கள் இதுவரை எட்டாத இடம் இது. சாண்ட்ரினாவைக் கடத்திக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சி மைனரில் அலறல். அது முடியாமலே ரெசிடடிவாக உடைந்து, 22-இல் விம்மலாகிறது. அங்கே வரிகள் மூச்சு வாங்கித் துண்டு துண்டாக வரும். கைதட்ட இடம் விடாமல் 23-ஆவது தொடங்கிவிடும். இருட்டில் பொதெஸ்தா ஆர்மிண்டாவை சாண்ட்ரினா என்று கொஞ்சுகிறார், பெல்ஃபியோரே செர்பெட்டாவை. ராமிரோ வெளிச்சத்தோடு வந்ததும் குட்டு உடைகிறது. ஐந்து பேர் சண்டை போட, சாண்ட்ரினாவுக்கும் பெல்ஃபியோரேவுக்கும் புத்தி பேதலித்துவிடுகிறது. அவள் தன்னைக் கிரேக்கப் புராணத்து மெடூசா என்கிறாள், இவன் ஹெர்குலிஸ் என்கிறான். 8-ஆவது உருப்படியில் நூமா, சிப்பியோ, காட்டோ என்று ரோமானிய மாமனிதர்களையெல்லாம் தன் வம்சத்தில் சேர்த்துக்கொண்டவன் இவன். பைத்தியம் பிடிக்க அதிக தூரம் போகவில்லை.

இந்த இரண்டு நாளும் பிடித்திருந்தால் மட்டும் நடுவில் விட்டவற்றுக்குத் திரும்புங்கள். அவற்றில் 14-ஐத் தவற விடாதீர்கள்: நார்டோ செர்பெட்டாவை இத்தாலி பாணி, பிரெஞ்சு பாணி, ஆங்கிலேய பாணி என்று மாற்றி மாற்றி மயக்கப் பார்த்துத் தோற்பான்.

மொழி விஷயம். எழுதியது இத்தாலிய மொழியில்தான். மியூனிக்கில் மூன்று முறை நடந்ததோடு சரி. 1780-இல் யோஹான் ப்யோமின் நாடகக் குழு ஜெர்மனுக்கு மாற்றி, ரெசிடடிவை எடுத்துவிட்டு வசனம் பேசி நடத்தியது. முதல் அங்கத்தின் மூலப்பிரதி தொலைந்துபோனதால், அதன் இத்தாலி ரெசிடடிவ் நெடுங்காலம் கிடைக்கவில்லை. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் ஒரு நகல் கிடைத்து, 1970-களில்தான் முழு வடிவம் அச்சுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பதிவுகள் ஜெர்மனில் இருப்பதில் ஆச்சரியமில்லை. லியோபோல்ட் ஹாகர் இசைக்குழுவை நடத்திய இத்தாலிப் பதிவில் தொடங்குங்கள். ஷ்மிட்-இசர்ஷ்டெட்டின் ஜெர்மன் பதிவை அதற்குப் பிறகு பாடகி ஜெஸ்ஸி நார்மனுக்காகக் கேட்கலாம், ஆர்மிண்டா அவர்தான்.

அன்புடன்