அடி தாங்கப் பழகுவது எப்படி? தலைக்கு ஒரு பதில், உடம்புக்கு ஒரு பதில்

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். வயது 19. ஹட்டனில் பொக்சிங் பழகத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. பேக் அடிக்கும்போது எல்லாம் சரி. ஸ்பாரிங் (கூட்டாளியோடு பயிற்சி மோதல்) என்று இறங்கினால் எதிரே நிற்பவர் கை அசைந்த உடனே கண் மூடிக்கொள்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் பின்னால் போகிறேன். "நாலு அடி வாங்கினா தானா பழகிடும், தாடை இறுகிடும்" என்கிறார்கள் கூடப் பழகும் அண்ணன்மார். போன வாரம் முகத்தில் வாங்கிய அடிக்கு இரவு வரை தலை வலித்தது, பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். அடி தாங்க எப்படிப் பழகுவது?

பதில்: தம்பி, கண் மூடுவதற்கும் பின்னால் போவதற்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன். முதலில் அந்தத் தலைவலி. தலையில் அடிபட்டு இரவு வரை வலி நின்றால், டொக்டர் பார்த்து இல்லை என்று சொல்லும்வரை அதை மூளை அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மயங்கி விழுந்தால்தான் அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். நினைவு தப்பாமலும் அது வரும். தலைச்சுற்று, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளங்கள்தான். பனடோல் போட்டது பிழையில்லை. வலி அடங்கிவிட்டது, ஆகவே சுகமாகிவிட்டது என்று மறுபடி இறங்குவதுதான் பயங்கரம். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்து, மூளை வீங்கி உயிர் போன இளைஞர்கள் இருக்கிறார்கள். அமெச்சூர் பொக்சிங்கில் தலையடியால் மோதல் நிறுத்தப்பட்டவரைக் குறைந்தது 30 நாள் மோதவிடாமல் வைப்பது இதற்காகத்தான்.

ஆகவே டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ ஆஸ்பத்திரிக்குப் போய், பொக்சிங்கில் பட்ட அடி என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். டொக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம். வீட்டிலும் சொல்லுங்கள். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது, ஆனால் அடிபட்ட இரவில் உங்களைக் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, உளறல், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், ஒரு கை கால் சோர்ந்துபோவது, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குப் போன் பண்ண வேண்டும், காசில்லை.

சரி, தாடை இறுகுமா? இறுகாது. மண்டையோட்டுக்குள்ளே நீருக்கு நடுவே மிதக்கிறது மூளை. தாடையில் ஒரு குத்து விழுந்தால் தலை சடாரென்று திரும்பும், உள்ளே மூளை முறுக்குப்படும். அந்த இடத்தில் இறுக்கிப் பழக்க ஒரு தசையும் கிடையாது. வாங்கிய அடிகள் கணக்கில் சேரும், பலத்தில் சேராது. 1928-லேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், பல வருடம் அடி வாங்கிய குத்துச்சண்டைக்காரர்களுக்கு நடை தள்ளாடி, பேச்சு குழறி, புத்தி மங்குவதை எழுதிவைத்துவிட்டார். ஹெட்கார்ட் என்ற தலைக்கவசம் போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. உலக அமெச்சூர் பொக்சிங் சங்கம் 2013-இல் வயதுவந்த ஆண் வீரர்களுக்கு அதை நீக்கியது, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். பழகுகிற நீங்கள் அதைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பி முகத்தைக் கொடுக்காதீர்கள்.

உடம்பு வேறு கதை. வயிறும் விலாவும் கையும் பழகும். 1974-இல் கின்ஷாசாவில் முகம்மது அலி கயிற்றில் சாய்ந்து நின்று ஜோர்ஜ் ஃபோர்மனை அடிக்க விட்டாரே, அந்த அடிகளில் பெரும்பாலானதைக் கைகளிலும் உடம்பிலும் வாங்கித்தான் அவரைக் களைக்க வைத்தார், எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். வயிற்றடிக்கு முக்கியம் மூச்சு. குத்து தொடும் நொடியில் "ஸ்" என்று சின்னதாக மூச்சை விட்டு வயிற்றை இறுக்குங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது பட்டால் லேசான குத்தும் ஆளை மடக்கிவிடும். கூட்டாளியை மெதுவாக வயிற்றில் தட்டச் சொல்லி, ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சு விட்டுப் பழகி, பலத்தைக் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டுங்கள். படுத்திருக்கிறவர் வயிற்றில் மெடிசின் போல் என்ற கனமான பந்தை உயரத்திலிருந்து போடுவது வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே ஈரல் இருக்கிறது. அங்கே சரியாகப் பட்ட குத்தை எந்த வயிற்றுத் தசையும் தாங்காது, வலது முழங்கை மட்டும்தான் காக்கும். அது விலாவை விட்டு விலகக் கூடாது.

இனி கண். முகத்தை நோக்கி எது வந்தாலும் இமை தானாக மூடுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு, கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பலமாக அடி வாங்கினால் அது கூடத்தான் செய்யும். குறைய வேண்டுமானால் அடி வலிக்கக் கூடாது. 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்ட கூட்டாளி கை எட்டும் தூரத்தில் நின்று, ஜெப்பை (முன்னே நிற்கும் கையால் நேராகக் குத்துவது) மட்டும், சொல்லிவிட்டு, மெதுவாக உங்கள் கிளவுஸில் தொடட்டும். நீங்கள் திருப்பி அடிக்க வேண்டாம், தொடும்போது மூச்சை விட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், அவ்வளவுதான். அது சலிப்பாகும் அளவுக்குப் பழகியபின் சொல்லாமல் தொடட்டும், அப்புறம் நெற்றியில் தொடட்டும். கண் மறுபடி மூட ஆரம்பித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பல்லைக் கடித்துத் தாங்கக் கூடாது. பார்வை எதிராளியின் கிளவுஸில் இருந்தால் எப்போதும் பிந்திவிடுவீர்கள். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பகுதியில் வையுங்கள். இரண்டு தோளும் கண்ணோரத்தில் தெரியும், கைக்கு முன் தோள்தான் அசையும். வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து தானாக இறுகும், தலை அவ்வளவு திரும்பாது. ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காணாத குத்துதான்.

பின்னால் போவதில் தப்பில்லை, நேர்க்கோட்டில் போவதுதான் தப்பு. ஜெப்புக்கு ஒரு காலடி பின்வைத்தால் தப்பலாம், இரண்டாவது காலடியும் நேராக வைத்தால் அவருடைய வலது நேர்க்குத்து அங்கே வந்து சேரும். ஆகவே ஒரு காலடி பின்னே, அடுத்தது பக்கவாட்டில். தொடக்கத்தில் மூன்று தடுப்பு போதும்: ஜெப்பை வலது உள்ளங்கையில் பிடிப்பது, நேர்க்குத்தைக் கையால் நாலு விரல் தூரம் தட்டிவிடுவது, சுற்றி வரும் ஹூக்குக்கு முன்கையைக் காதோடு ஒட்டிவைப்பது. பெரிதாக வீசித் தட்டினால் உங்கள் முகமே திறந்துவிடும். இன்னொன்று, புதியவர்கள் அதிகம் அடி வாங்குவது தாங்கள் குத்தி முடித்த அடுத்த நொடியில். போன கை போன வழியே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டில் செய்ய இரண்டு விஷயம். இஸ்தோப்பில் தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, முழங்காலை மடக்கி அதற்குக் கீழே இப்பக்கமும் அப்பக்கமும் போய் வாருங்கள். இடுப்பை மடக்கித் தரையைப் பார்த்தால் அங்கேதான் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்து விழும், பார்வை முன்னால் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு டெனிஸ் போலைப் பழைய காலுறைக்குள் போட்டு நெற்றி உயரத்தில் தொங்கவிடுங்கள். தள்ளிவிட்டு, அது திரும்பி வரும்போது தலையை ஒரு கைமுட்டி அகலம் மட்டும் விலக்குங்கள், கண் திறந்தபடி. கழுத்துக்கு, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் பத்து விநாடி தள்ளுங்கள், அசைய விடாமல். பின்பக்கம், இரு பக்கமும் அப்படியே. தலையை ஊன்றிப் பாலம் போல வளைவதை இப்போதைக்கு விடுங்கள். இதெல்லாம் டொக்டர் பார்த்த பிறகு.

களைத்தால் கை இறங்கும், கை இறங்கினால் அடி விழும். நம் தோட்டத்துப் பாதைகளே போதும் மூச்சைப் பழக்க: ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடங்கள், முழங்கால் பழுதாகாமல் தப்பும். மழை நாளில் மண்டபத் தரை வேர்த்திருக்கும். சப்பாத்தின் அடியைத் துடைத்துவிட்டு ஏறுங்கள், வழுக்கும்போது பட்ட குத்து இரட்டிப்பாகப் படும்.

டொக்டர் அனுமதித்து மறுபடி போகும் நாளில், கோச்சிடம் தனியாகப் பேசுங்கள். "சேர், எனக்குத் தலையடி பட்டு டொக்டரிடம் போய் வந்தேன். கொஞ்ச நாள் ஜெப் மட்டும், மெதுவாக, இரண்டு நிமிட ரவுண்டு தாருங்கள்" என்று கேளுங்கள். மவுத்கார்டைச் சுடுநீரில் போட்டு உங்கள் பல்லுக்கே கடித்து அமைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவருடையதை வாங்கிப் போடாதீர்கள். எதிரே யார் என்பதை கோச் தீர்மானிக்கட்டும். நீங்கள் நிறுத்து என்றதும் நிறுத்தாத ஒருவரோடு, அவர் எவ்வளவு நல்ல வீரராக இருந்தாலும், ஸ்பாரிங் வேண்டாம். பழகுபவரின் தலையைப் பற்றிக் கேட்டதற்கே சிரிக்கும் இடம் என்றால், வேறு இடம் பாருங்கள்.