கேள்வி – பதில்: பிரான்சின் 1832

கேள்வி: 1832ஆம் ஆண்டைப் பிரான்சின் ‘காலரா ஆண்டு’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஓர் ஆண்டுக்கே பெயராகும் அளவுக்கு அந்த நோய் கொடுமையாக இருந்ததா?

பதில்: இருந்தது. ரஷ்யா, போலந்து வழியாக மேற்கே பரவிவந்த காலரா, மார்ச் மாதக் கடைசி வாரத்தில் பாரிசில் தலைகாட்டியது. எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த நகரத்தில், ஏறத்தாழ ஆறு மாதங்களில் 18,000க்கும் அதிகமானோர் மடிந்தார்கள். நாடு முழுவதும் மாண்டவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில் இருப்பார்கள். மிகக் கொடிய மாதம் ஏப்ரல். சவ வண்டிகள் போதாமல், வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளில் சவப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போனார்கள்.

அசுத்த நீரால் பரவும் நோய் அது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. கெட்ட காற்றே காரணம் என்று நம்பியதால் தெருவெங்கும் குளோரின் கலந்த சுண்ணாம்பைத் தெளித்தார்கள். குடிப்பதற்கோ பலரும் சேன் நதியின் நீரையே எடுத்தார்கள். குப்பை தெருவில் கிடந்தால் நோய் பெருகும் என்று கருதிய நகர நிர்வாகம், அதை உடனுக்குடன் அள்ளும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தது. அந்தக் குப்பையைக் கிளறிக் கந்தலும் எலும்பும் பொறுக்கி விற்றே வயிறு வளர்த்த ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பில் இதனால் மண் விழுந்தது. அவர்கள் திரண்டுவந்து புதிய குப்பை வண்டிகளைக் கொளுத்தினார்கள். அதே நாட்களில், ஏழைகளை ஒழிக்கக் கிணற்றிலும் மதுவிலும் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. அதை அடக்க வேண்டிய காவல் துறைத் தலைவரே, நஞ்சு கலக்க முயல்வோர் இருக்கிறார்கள் என்று பொருள்படும் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டார். சந்தேகத்துக்கு ஆளான அப்பாவிகள் சிலரைக் கும்பல்கள் தெருவிலேயே அடித்துக் கொன்றன. நோயின் கொடுமையை விட, அரசின் மீது மக்களுக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லாமல் போயிருந்ததே அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள முக்கியமானது என்பது என் கருத்து.

காலரா பதவி பார்க்கவும் இல்லை. பட்டத்து இளவரசருடன் ஏப்ரல் 1 அன்று ஓத்தெல் தியூ மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்த பிரதமர் காசிமிர் பெரியே, சில நாட்களில் படுக்கையில் விழுந்து மே 16 அன்று உயிர் துறந்தார்.

கேள்வி: தமிழில் ‘ஏழை படும் பாடு’ என வந்த விக்டர் ஹியூகோவின் நாவலில் இடம்பெறும் தெருச் சண்டை, 1789ஆம் ஆண்டுப் புரட்சியில் நடந்ததுதானே?

பதில்: இல்லை; பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அது 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிசில் நடந்த எழுச்சி. குடியரசுவாதிகள் போற்றிய, நெப்போலியனின் படைத்தலைவர்களில் ஒருவரான லாமார்க், ஜூன் 1 அன்று காலராவுக்குப் பலியானார். நான்கு நாள் கழித்து நடந்த அவருடைய இறுதி ஊர்வலமே, 1830 முதல் ஆண்டுவந்த மன்னர் லூயி பிலிப்புக்கு எதிரான கலகமாக வெடித்தது. கிழக்குப் பாரிசின் குறுகலான தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. மறுநாள் சேன் மெரி தேவாலயத்தை ஒட்டிய கடைசி அரணைப் பீரங்கிகளைக் கொண்டு படையினர் தகர்த்தார்கள். இரு தரப்பிலும் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 800 பேர். கலகம் இரண்டே நாளில் அடங்கிவிட்டதால், அந்த நாவல் மட்டும் வந்திராவிட்டால் பிரான்சுக்கு வெளியே இதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள்.

அதே மன்னருக்கு எதிராக, பழைய அரச குடும்பத்தின் மருமகளான பெரி சீமாட்டி மேற்கே வாந்தே பகுதியில் மூட்டிய கிளர்ச்சியும் தோற்றது. நாந்த் நகரில் ஒரு வீட்டுக் கணப்படுப்பின் பின்புறமிருந்த மறைவறையில் அவர் ஒளிந்திருந்தார். காவலுக்கு நின்ற வீரர்கள் குளிருக்கு அந்த அடுப்பையே மூட்டிவிட, வெப்பம் தாங்காமல் 16 மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து நவம்பர் 7 அன்று சரணடைந்தார்.

கேள்வி: அந்த ஆண்டில் பிறந்த புகழ்பெற்றோர் யாவர்?

பதில்: ஓவியர் எதுவார் மானே பாரிசிலும், நூல்களுக்கு வரைந்த சித்திரங்களால் பெயர்பெற்ற குஸ்தாவ் தோரே ஸ்திராஸ்பூரிலும் ஜனவரி மாதத்தில் பிறந்தார்கள். பின்னாளில் பாரிசின் கோபுரத்துக்குப் பெயர் தந்த குஸ்தாவ் ஈஃபிள், டிசம்பர் 15 அன்று தீஜோன் நகரில் பிறந்தார்.

கேள்வி: கணித மேதை கால்வா, சாவதற்கு முந்தைய ஓர் இரவில் தன் கணிதம் முழுவதையும் எழுதி முடித்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கேட்க உருக்கமான கதைதான், ஆனால் அது அந்த இளைஞரின் பல ஆண்டு உழைப்பை மறைத்துவிடுகிறது. எவரிஸ்ட் கால்வா 1829 முதலே கட்டுரைகளை வெளியிட்டுவந்தார். சமன்பாடுகளைப் பற்றிய அவருடைய முக்கிய ஆய்வு 1831 ஜனவரியில் அறிவியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த பாய்சான் என்ற கணித அறிஞர், தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார். 1832 மே 29 இரவில் கால்வா செய்தது, தன் கண்டுபிடிப்புகளைச் சுருக்கி நண்பர் ஒகுஸ்த் செவாலியேவுக்குக் கடிதமாக எழுதியதும், பழைய கையெழுத்துப் படிகளில் திருத்தங்கள் செய்ததும்தான். ஒரு நிரூபணத்தின் ஓரத்தில், இதை முடிக்கத் தனக்கு நேரமில்லை என்று குறித்துவைத்தார். மறுநாள் காலை துப்பாக்கிச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்து, 31ஆம் தேதி உயிர் நீத்தார். வயது 20. நண்பரும் தம்பியும் அந்தத் தாள்களைப் பாதுகாத்ததால்தான், 1846இல் லியூவில் என்ற கணித அறிஞர் அவற்றை அச்சேற்ற முடிந்தது.

எழுத்துகளைக் காக்க ஒருவர் இருந்தாரா என்பது அந்த ஆண்டில் மறைந்த வேறு இருவருக்கும் பெரிய கேள்வியாக அமைந்தது. எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கண்ட ஷாம்போலியோன், மார்ச் 4 அன்று 41 வயதில் இறந்தபோது, அவருடைய எகிப்திய இலக்கணம் அச்சாகவில்லை. அண்ணன் முயன்று 1836 முதல் அதை வெளியிட்டார். வெப்ப இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட, இயற்பியல் பாடநூல்களில் வரும் கார்னோ இயந்திரத்துக்குரிய சாடி கார்னோவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர் ஆகஸ்டு 24 அன்று 36 வயதில் காலராவில் இறந்தார். தொற்றுக்கு அஞ்சி நோயாளியின் உடைமைகளை அழித்த காலம் அது. அவருடைய தாள்களில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய சில குறிப்புகளைத் தம்பி இப்போலித் 1878இல் அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். வெப்பமும் இயக்கமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதையும், அந்த மாற்றத்தின் அளவையும், பிறர் நிறுவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கார்னோ கணித்து எழுதியிருந்தார் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.