குத்துச்சண்டை பழகும் பெடியன் முன்னேறுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளிநொச்சியில் பதினைந்து வயதுத் தம்பி ஒரு வருடமாகப் பழகுகிறான், போன இரண்டு போட்டியும் தோல்வி, திறமை கூடுதா குறையுதா என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியாவில் பெடியளைப் பழக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெற்றி தோல்வியை ஒரு பக்கம் வையுங்கோ. எதிரில் நின்றவன் எத்தனை வருடம் பழகினவன் என்று தெரியாமல் அந்த முடிவை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது.

ஸ்பாரிங் நாளில், அதாவது பழகுறதுக்காக ஆளோடு ஆள் மோதும் நாளில், போனை ஒரே மூலையில், ஒரே உயரத்தில் வைத்து மூன்றாவது சுற்றை மட்டும் வீடியோ எடுங்கோ. முதல் சுற்றில் எல்லாரும் வடிவாகத்தான் அடிப்பினம். களைத்த பிறகுதான் பழகினது எது, பழகாதது எது என்று தெரியும். பிறகு இடக்கை ஜப்பை, அதாவது முன்கையால் நேராகக் குத்தும் குத்தை, மட்டும் பாருங்கோ. குத்திவிட்டு வரும் கை கன்னத்துக்குத் திரும்புதா, நெஞ்சடிக்கு விழுதா? விழுந்தால் எதிராளியின் வலக்கை அந்த இடைவெளிக்குள்தான் வரும். குத்தின பிறகு அதே இடத்தில் நிற்கிறானா, பக்கத்துக்குக் கால் வைக்கிறானா என்பதையும் எண்ணிக் கொப்பியில் போடுங்கோ. பட்ட குத்தை எண்ணும்போது எதிராளியின் கிளவுஸிலும் முழங்கையிலும் பட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 1992 ஒலிம்பிக்கில் வந்த, நடுவர்கள் பொத்தானை அமுக்கிக் குத்தை எண்ணும் முறை போய், 2013இலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் வென்றவனுக்குப் பத்து, மற்றவனுக்கு அதைவிடக் குறைவு என்று புள்ளி போடும் முறை. நடுவரும் முதலில் பார்ப்பது, தலையின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும், இடுப்புப் பட்டிக்கு மேலான உடம்பிலும் சுத்தமாக விழுந்த குத்தைத்தான்.

யாரோடு ஆடினான், அவன் எடை என்ன என்பதையும் எழுதாவிட்டால் கொப்பி வீண். மாதம் ஒருமுறையாவது அதே ஆளோடு, அதே நேரத்தில் ஆடவிடுங்கோ. கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்து மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே எடுத்ததையும் மார்கழிக் காலையில் எடுத்ததையும் ஒப்பிட்டால் பிழையாகத்தான் தெரியும்.

உயரத்தையும் குறியுங்கோ. இந்த வயதில் கைகால் திடீரென்று நீளும். தூரக் கணிப்புத் தவறும், கால் தடுமாறும். ‘பெடியன் பின்னுக்குப் போறான்’ என்று வீட்டில் பேச்சு வருவது அநேகமாக அந்த மாதங்களில்தான். விடுங்கோ, சரியாகும்.

எழுதுவது அவனாகவே இருக்கட்டும். நீங்கள் எழுதினால் சோதினைப் பெறுபேறு மாதிரி ஆகிவிடும்.

தலையில் பலமாக அடி விழுந்து தலையிடி, சத்தி, மயக்கம் ஏதும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. டொக்டர் சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. கோச் கேட்டாலும் விடாதேங்கோ.